எண்ணெய் டிரம் கூரையும் தண்ணீர் கேட்காத கழிப்பறையும்: பாலைவனத் தொல்லிடத்துக்கு ஒரு வாசல் கட்டுவது

நமீபியாவின் வடமேற்கில், குனேனே பகுதியில், ட்வைஃபல்ஃபோன்டைன் என்ற பாறைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே 2005-இல் கட்டி முடித்த பார்வையாளர் மையத்தின் கூரை பழைய எண்ணெய் டிரம்களால் ஆனது. இரும்பு டிரம்களை நெடுக்கில் பிளந்து, ஓடு வேய்வதுபோல வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். பெயின்ட் கிடையாது. துருப்பிடிக்க விட்டுவிட்டார்கள். சுவர்கள், கம்பிவலைப் பெட்டிகளுக்குள் அந்த வட்டாரத்துக் கற்களை நிரப்பி அடுக்கியவை. துருவின் நிறமும் சுற்றியிருக்கும் மணற்கல்லின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் தூரத்திலிருந்து பார்க்கும்போது கட்டடம் சட்டென்று கண்ணில் படாது. வடிவமைத்தவர் நமீபியக் கட்டடக் கலைஞர் நீனா மாரிட்ஸ்.

காயலான் கடைச் சரக்கை வைத்தா இப்படி ஒரு இடத்துக்கு வாசல் கட்டுவது என்று கேட்கத் தோன்றும். அந்த இடம் சாதாரணமானதில்லை. 2,000-க்கும் மேற்பட்ட பாறைச் செதுக்கல்கள் அங்கே உள்ளன. காண்டாமிருகம், யானை, ஒட்டகச்சிவிங்கி, தீக்கோழி, விலங்குகளின் காலடித் தடங்கள், மனிதக் காலடிகள். வேட்டையாடியும் உணவு திரட்டியும் வாழ்ந்த மக்கள் குறைந்தது 2,000 ஆண்டுகளாக அங்கே வந்துபோய்ச் செதுக்கியவை. 2007-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நமீபியாவுக்குக் கிடைத்த முதல் இடம் இது.

அதற்கு முந்தைய கதை அவ்வளவு நல்லதில்லை. 1952-இலேயே தேசியச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் 1986 வரை காவல் இல்லை. வந்தவர்கள் பாறைகளில் பெயர் கிறுக்கினார்கள், குப்பை போட்டார்கள், சில செதுக்கல்களைப் பெயர்த்தே எடுத்துப் போனார்கள். அறிவிப்பு மட்டும் ஒரு இடத்தைக் காப்பாற்றாது. வருகிறவர்களை ஓரிடத்தில் நிறுத்தி, எண்ணி, கூட ஆள் அனுப்பி, திரும்ப அழைத்துவரும் ஏற்பாடு வேண்டும். பார்வையாளர் மையத்தின் முதல் வேலை அதுதான். கண்காட்சி, தேநீர்க் கடை, நினைவுப்பொருள் விற்பனை எல்லாம் அப்புறம் வருபவை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே. பாலைவனத்தில் இப்படி ஒரு மையம் கட்டும்போது எல்லோரும் வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள். வெயிலைச் சமாளிக்க மனிதர்களுக்குப் பல ஆயிரம் வருடப் பழக்கம் இருக்கிறது. நிஜமான சிக்கல் தண்ணீர். போதாத தண்ணீர் பாதிச் சிக்கல். பயன்படுத்திய தண்ணீர் எங்கே போகிறது என்பது மீதிப் பாதி. வரைபடத்தில் முதல் கோட்டைக் கழிப்பறையிலிருந்து இழுக்க வேண்டும் என்பேன்.

கல்லுக்குள் போகும் தண்ணீர்

மணற்கல் பார்க்கக் கெட்டி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. தரையில் இறங்கும் தண்ணீர், மண்ணில் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு அந்தத் துளைகள் வழியே மேலே ஏறும். வெயில் படும் முகத்துக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். தங்கிய உப்பு படிகமாக வளரும்போது பக்கத்திலிருக்கும் மணல் துகள்களை நெட்டித் தள்ளும். ஒருமுறை தள்ளினால் ஒன்றும் ஆகாது. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி வருடக்கணக்கில் நடந்தால் கல்லின் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிரும். பழைய வீட்டுச் சுவரின் அடியில் உப்புப் பூத்து, சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து கொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அதே வேலைதான் கல்லிலும் நடக்கிறது.

ட்வைஃபல்ஃபோன்டைனில் உதிரப்போவது என்ன என்று யோசித்துப் பாருங்கள். பாறையின் மேல் பல ஆயிரம் ஆண்டுகளில் படிந்த கருத்த தோல் ஒன்று இருக்கிறது. செதுக்கியவர்கள் கூரான கடினக் கல்லால் கொத்திக் கொத்தி அந்தத் தோலை அகற்றி, அடியிலிருக்கும் வெளிறிய கல்லை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த நிற வேறுபாட்டில்தான் ஒட்டகச்சிவிங்கி தெரிகிறது. மேற்பரப்பு போனால் படம் போயிற்று. பழுதுபார்க்கவோ திரும்ப வரையவோ இடமில்லை.

ஜோர்டானின் பெட்ராவில் பாறையில் குடைந்த முகப்புகளின் அடிப்பகுதி அரித்துப்போனதில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் செங்கற்கள் மாவாக உதிர்வதற்கும் நிலத்தடி நீரும் உப்பும்தான் காரணம். இப்படிப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் தோண்டினால், இயற்கை அந்த நிலத்துக்குத் தராத ஈரத்தை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு நாளைக்கு 300 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒருமுறை கழிப்பறை போனால், ஒரு ஃப்ளஷுக்கு 6 முதல் 9 லிட்டர் வீதம் 1,800 முதல் 2,700 லிட்டர் தண்ணீர். கை கழுவுவது தனி. இந்தத் தண்ணீரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுத்தால் ஊர்க்காரர்களின் ஆடு மாடுகளோடு போட்டி. லாரியில் கொண்டுவந்தால் தினமும் சரளை மண்ணில் கனரக வண்டி. கொண்டுவந்த அத்தனையும் அழுக்காகி, தொல்லிடத்தின் மண்ணிலேயே இறங்கும். குடிக்கக் கொடுக்கும் தண்ணீர் இதில் ஒரு சின்னப் பங்குதான். அதனால் தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறையை விட்டுவிட்டாலே பெரும்பகுதி பிரச்சினை தீர்கிறது.

நமீபியாவிலேயே இதற்கு ஒரு விடை உருவாகியிருக்கிறது. ஓச்சிவராங்கோ நகரில் வடிவமைத்த ஓச்சி கழிப்பறை என்ற உலர் கழிப்பறை அது. இருக்கைக்குக் கீழே ஒரு பெரிய தொட்டி. கழிவு அதற்குள் இருக்கும் துளையுள்ள கலனில் விழும், நீர்ப்பகுதி தனியே வடிந்து ஆவியாகும். தொட்டியின் ஒரு பக்கம் வெயில் படும் திசையில் வெளியே நீண்டிருக்கும். அதன் மூடி சூடாகி உள்ளிருக்கும் காற்றைக் காய்ச்ச, நெட்டையான புகைபோக்கிக் குழாய் அந்தக் காற்றை மேலே இழுத்துவிடும். காற்று எப்போதும் இருக்கையிலிருந்து கீழ்நோக்கிப் போவதால் நாற்றம் அறைக்குள் வராது. கழிவு காய்ந்து சுருங்கும், கலன் நிரம்பியதும் மாற்றிக்கொள்ளலாம். பம்ப், மோட்டார், ரசாயனம் எதுவும் கிடையாது. பாலைவனத்தின் வெயிலும் வறண்ட காற்றும்தான் வேலைக்காரர்கள். சுற்றுலாப் பயணிகள் முகம் சுளிப்பார்களே என்பார்கள். சுத்தமாக வைத்திருந்தால் சுளிக்க மாட்டார்கள். ஃப்ளஷ் வசதி இருந்தும் தண்ணீர் வராத கழிப்பறையைவிட மோசமானது உலகத்தில் இல்லை.

இன்னொரு உள்ளூர் விஷயம். ட்வைஃபல்ஃபோன்டைன் இருக்கும் ஹுவாப் ஆற்றுப் படுகை, பாலைவன யானைகள் நடமாடும் பகுதி. வறட்சிக் காலத்தில் தண்ணீரை மோப்பம் பிடித்து வந்து குழாயைப் பிடுங்கும், தொட்டியை உடைக்கும். அந்த வட்டாரக் கிராமங்களில் தண்ணீர்த் தொட்டியையும் பம்பையும் சுற்றி யானை தாண்ட முடியாத கனமான கல்சுவர் எழுப்பிக் காப்பாற்றுகிறார்கள். நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து வரைகிற எவருடைய வரைபடத்திலும் யானை இருக்காது. பார்வையாளர் மையம் எவ்வளவு குறைவாகத் தண்ணீர் சேமிக்கிறதோ, யானைகளோடு அவ்வளவு குறைவாக மல்லுக்கட்டலாம்.

பழங்காலத்தவர் இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டார்கள். குஜராத்தின் கட்ச் ரண் உப்புச் சமவெளியில், காதிர் தீவில் இருக்கும் தோலாவிராவைப் பாருங்கள். சிந்துவெளி நகரமான அது 2021-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மன்சர், மன்ஹர் என்ற இரண்டு பருவகால ஓடைகளுக்கு நடுவில் நகரை அமைத்து, ஓடையில் தடுப்பு கட்டி, வரும் கொஞ்ச நீரையும் வரிசையான நீர்த்தேக்கங்களுக்குள் திருப்பினார்கள். அவற்றில் சில பாறையை வெட்டி எடுத்தவை. கோட்டை கொத்தளத்துக்குச் செலவழித்த அறிவுக்குச் சற்றும் குறையாத அறிவைத் தண்ணீருக்கும் செலவழித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தின் வாசலில் தண்ணீரை வாரியிறைக்கும் புல்வெளியும் நீரூற்றும் வைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் பல இடங்களில் வைக்கிறார்கள்.

எங்கே கட்டுவது

பெருவின் நாஸ்கா சமவெளியில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே தரையின் மேல் இரும்புச் சத்து ஏறிக் கருத்த சிறுகற்கள், அதற்கடியில் வெளிறிய மண். கற்களை ஒதுக்கினால் கோடு விழும். பழங்கால மக்கள் அப்படி இழுத்த கோடுகளும் அவற்றால் வரைந்த பெரிய உருவங்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்கின்றன, ஏனென்றால் மழையும் இல்லை, மண்ணைப் புரட்டும் செடிகொடிகளும் இல்லை. இதே காரணத்தால் ஒரு காலடியும் அழியாது. 2014 டிசம்பரில் சூழலியல் இயக்கம் ஒன்றின் ஆர்வலர்கள் ஹம்மிங்பறவை உருவத்துக்குப் பக்கத்தில் விளம்பர எழுத்துகளை விரிக்கப் போய்த் தடங்களை விட்டுவிட்டு வந்தது உலகச் செய்தியானது. நல்ல நோக்கத்தோடு போனவர்கள்தான். கால் யாருடையது என்று தரைக்குத் தெரியாது.

பாலைவனத் தரை ஆறாது. நம் பக்கத்தில் ஒரு வண்டித்தடம் அடுத்த மழையில் கரைந்து, மறு வருஷம் புல் மூடிவிடும். நமீபியாவின் சரளைச் சமவெளிகளில் பல பத்தாண்டுகளுக்கு முன்பு ஓடிய வண்டிகளின் தடம் இன்றும் தெரிகிறது. கட்டடம் கட்டும்போது கலவை இயந்திரம் நின்ற இடம், மண் கொட்டிய இடம், லாரி திரும்பிய வளைவு எல்லாமே நிலைத்துவிடும். ஆகவே மையத்தின் தரைப்பரப்பு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. அதைக் கட்ட மிதிக்கப்போகும் பரப்பு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். வண்டி நிறுத்துமிடம் பெரும்பாலும் கட்டடத்தைவிடப் பெரிதாக இருக்கும், அதைப் பற்றி யாரும் அழகாகப் படம் வரைந்து காட்டுவதில்லை.

நாஸ்காவில் மரியா ரைஷே கண்ட வழி எனக்குப் பிடித்தமானது. வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தக் கோடுகளை அளப்பதிலும் காப்பதிலும் கழித்த அந்த ஜெர்மானியப் பெண்மணி, 1976-இல் பான் அமெரிக்க நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒரு பார்வைக் கோபுரம் அமைத்தார். ஏற்கெனவே இருக்கிற சாலை, அதன் ஓரத்தில் ஒரு இரும்புக் கோபுரம். ஏறிப் பார், இறங்கிப் போ. கோடுகளின் பக்கத்தில் ஒரு கால்கூடப் பட வேண்டியதில்லை. உலகத்திலேயே மிகச் சிக்கனமான பார்வையாளர் மையம் அதுவாகத்தான் இருக்கும்.

ட்வைஃபல்ஃபோன்டைனில் எதிர்ப்பக்கப் பாடமும் உண்டு. 1999-2000 வாக்கில், செதுக்கல்கள் இருக்கும் ஒரு பாறைப் பகுதியிலேயே தங்கும் விடுதி ஒன்றைக் கட்டினார்கள். உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கான பரிசீலனையின்போது, அந்தப் பகுதிச் செதுக்கல்களின் முழுமையை அது கடுமையாகப் பாதித்துவிட்டது என்று பதிவானது. விடுதி பார்க்க அடக்கமாகத்தான் இருக்கிறது, கண்ணை உறுத்தவில்லை. ஆனால் இரவெல்லாம் ஆட்கள், அவர்களுக்குக் குளியல், சமையல், விளக்கு. கண்ணுக்குத் தெரியாத கட்டடமாக இருந்தால் போதும் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இது உதாரணம்.

இடம் தேர்வதில் இன்னொரு கண்ணி, வெள்ளம். பாலைவனத்தில் வெள்ளமா என்று கேட்டால், பாலைவனத்தில்தான். மண் தண்ணீரை உடனே உறிஞ்சாது, தடுக்க மரமில்லை. எங்கோ மலையில் பெய்த மழை வறண்ட ஓடையில் சில நிமிடங்களில் சுவர்போல வரும். 1963 ஏப்ரலில் பெட்ராவின் நுழைவாயிலான சிக் என்ற குறுகிய பிளவுக்குள் வெள்ளம் புகுந்து 20-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். அந்த வாயிலில், பெட்ராவைக் குடைந்த பழங்கால மக்களான நபட்டேயர்கள் ஏற்கெனவே அணை கட்டி, பாறையில் சுரங்கம் குடைந்து வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள். காலப்போக்கில் அணை அழிந்துபோயிருந்தது. விபத்துக்குப் பிறகு, பழைய அணை இருந்த அதே இடத்தில் மறுபடி கட்டினார்கள். ஓடைப் படுகையின் சமதளத்தைப் பார்த்து, கட்ட வசதியான இடம் என்று எந்தப் பொறியாளரும் மயங்கக்கூடாது. அங்கே அது சமதளமாக இருப்பதற்குக் காரணமே வெள்ளம்தான்.

சுவர், கூரை, வெயில்

சரி, வெயிலுக்கு வருவோம். பாலைவனத்தில் பகலுக்கும் இரவுக்கும் 15, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். தடித்த கல்சுவரோ மண்சுவரோ பகல் வெப்பத்தைத் தன்னுள் வாங்கி, உள்ளே விடப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். உள்பக்கம் சூடேறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரவுக் குளிரில் சுவர் மறுபடி ஆறும். எகிப்திலிருந்து ராஜஸ்தான் வரை பழைய வீடுகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. பார்வையாளர் மையம் இரவில் பூட்டிக் கிடக்கும் கட்டடம் என்பதால் கணக்கு இன்னும் எளிது.

கம்பிவலைக் கல்சுவர் இதில் கொஞ்சம் வேறு ரகம். கேபியன் என்பார்கள். மலைப்பாதைகளில் மண்சரிவைத் தடுக்க அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கலாம். கற்களுக்கிடையே இடைவெளி இருப்பதால் காற்று உள்ளே வந்து போகும். குளிரை அடைத்து வைக்காது. ஆனால் அகலமான நிழல் தரும், காற்றையும் தடுக்காது. சிமென்ட் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஆழமான அடித்தளம் வேண்டாம். கல் அங்கேயே கிடைக்கிறது. வலைப்பெட்டியை லாரியில் மடித்துக் கொண்டுவந்து விரிக்கலாம். கல்லை நெருக்கமாக அடுக்கும் பக்குவத்தைச் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம் என்பதால் கூலி உள்ளூரிலேயே தங்கும். குறையும் இருக்கிறது. அந்தச் சந்துகளில் பாம்பும் தேளும் வாடகை இல்லாமல் குடியேறும். உட்காரும் திண்ணையைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

டிரம் கூரை தகரக் கூரைதானே, தகிக்காதா? நாலு பக்கமும் அடைத்த அறைக்கு மேல் போட்டால் தகிக்கும். உயரமாகப் போட்டு, பக்கவாட்டில் திறந்துவிட்டு, சூடான காற்று மேலே தப்பிக்க வழி வைத்தால் அது ஒரு பெரிய குடை. பிளந்த டிரம்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களில் காற்றுக்கு வழி கிடைக்கும். ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர்கூடப் பெய்யாத ஊரில் இரண்டு சொட்டு ஒழுகினால் குடி முழுகிவிடாது. ஏசி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கண்ணாடி போட்டு அடைக்க வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும், டீசல் வர வேண்டும். பழுதானால் நகரத்திலிருந்து மெக்கானிக் வரும்வரை அடைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் வேக வேண்டும். பாலைவனத்தில் பல பிரமாதமான கட்டடங்கள் இப்படித்தான் மூன்றாம் வருஷத்தில் கைவிடப்படுகின்றன. எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கிறது என்பதைவிட, உள்ளூர் வெல்டரால் பழுதுபார்க்க முடியுமா என்பது பெரிய கேள்வி.

சோலார் பேனல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெயில் கொட்டிக் கிடக்கும் இடத்தில் அது நல்லதுதான். ஆனால் தூசி படிந்தால் உற்பத்தி படுத்துவிடும், கழுவுவதற்குத் தண்ணீர் வேண்டும். உலர் துடைப்பானால் துடைக்கலாம், ஆள் வேண்டும். குன்றின் மேலிருந்து பார்க்கிறவருக்குக் கீழே பளபளக்கும். முதலில் தேவையைக் குறைக்க வேண்டும். காலையில் சீக்கிரம் திறந்து, மாலையில் இருட்டுமுன் பூட்டிவிட்டால் விளக்கே தேவையில்லை. பாலைவனத்து இரவு வானமும் கெடாது. திறக்கும் நேரத்தைத் தீர்மானிப்பதும் கட்டட வடிவமைப்பில் ஒரு பகுதிதான், கட்டடக் கலைஞர்கள் அதைத் தங்கள் வேலையாக நினைப்பதில்லை.

எடுத்துவிட முடியுமா

கம்பிவலையும் டிரம்மும் கொண்ட கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதைக் கழற்றி எடுத்துவிடலாம் என்பது. வலையை அறுத்தால் கற்கள் வந்த இடத்துக்கே போகும். இரும்பு மறுபடி காயலான் கடைக்குப் போகும். தொல்லியல் நாளைக்கு என்ன கண்டுபிடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. நாம் கட்டிய இடமே முக்கியமான இடம் என்று தெரியவந்தால் என்ன செய்வது? எத்தனை லாரி லோடில் இதை அகற்ற முடியும், அகற்றிய பிறகு என்ன மிச்சமிருக்கும் என்று ஒவ்வொரு திட்டத்திலும் கேட்க வேண்டும்.

இதற்கு மறுதரப்பும் வலுவானது. தென்னாப்பிரிக்காவில் லிம்போபோ, ஷாஷே ஆறுகள் கூடும் இடத்தில் மாபுங்குப்வே இருக்கிறது. பாலைவனம் என்று சொல்ல முடியாது, வறண்ட நிலம். 13-ஆம் நூற்றாண்டில் ஓங்கியிருந்த ஓர் அரசின் தலைமையிடம். அங்கே கட்டடக் கலைஞர் பீட்டர் ரிச் வடிவமைத்து 2009-இல் முடிந்த விளக்க மையம், அதே ஆண்டு பார்சிலோனாவில் நடந்த உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருதைப் பெற்றது. அது கழற்றி எடுக்கும் சமாச்சாரம் இல்லை. உள்ளூர் மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அழுத்திய மெல்லிய ஓடுகளை அடுக்கடுக்காக ஒட்டி எழுப்பிய வளைவுக் கூரைகள். ஸ்பெயினின் கட்டலான் பகுதியில் பல நூற்றாண்டுகளாக வழங்கும் முறை. பொறியாளர்கள் ஜான் ஆக்சன்டார்ஃபும் மைக்கேல் ரமேஜும் அதன் கணக்குகளைப் போட்டுக் கொடுத்தார்கள். வளைவில் எடை அமுக்கு விசையாகவே இறங்குவதால் பெரிதாக இரும்புக் கம்பி தேவைப்படவில்லை. சுமார் 2 லட்சம் ஓடுகளை, வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கீழ் வேலைக்கு வந்த அந்த ஊர் மக்களே செய்தார்கள். அவர்கள் கையில் ஒரு தொழில் மிஞ்சியது.

இரண்டில் எது சரி? இடத்தைப் பொறுத்தது என்பேன். செதுக்கல்களுக்கு மிக அருகில் கட்ட வேண்டியிருந்தால் கழற்றக்கூடியது. விலகிக் கட்ட இடமிருந்தால், உள்ளூர் கைகளுக்கு வேலை தரும் நிரந்தரக் கட்டடத்திலும் தப்பில்லை. தற்காலிகம் என்று போட்டது நிரந்தரமாவதும் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் காசா கிராண்டே என்ற 14-ஆம் நூற்றாண்டு மண்மாளிகைக்கு 1903-இல் ஒரு கூரை போட்டார்கள். 1932-இல் அதை எடுத்துவிட்டு, இளைய ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட் வடிவமைத்த இரும்புக் கூரையை நிறுத்தினார்கள். இன்றைக்கு அந்தக் கூரை இல்லாமல் அந்த மாளிகையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

எனக்குக் கொஞ்சமும் ஒப்பாதது மூன்றாவது வகை. சவூதி அரேபியாவின் அல்உலா வட்டாரத்தில், பாறைக்குள்ளேயே குடைந்து அமைக்கும் சொகுசு விடுதித் திட்டம் ஒன்றை 2020-இல் அறிவித்தார்கள். அதே வட்டாரத்தில் நபட்டேயர் குடைந்த ஹெக்ரா என்ற தொல்லிடம் இருக்கிறது, நாங்கள் அந்த மரபைத் தொடர்கிறோம் என்பது விளக்கம். நபட்டேயர் அங்கே குடைந்தவை பெரும்பாலும் கல்லறைகள். அவற்றுக்குக் குழாய் இணைப்பும் கழிவுநீர்ப் பாதையும் தேவைப்படவில்லை.

உள்ளே என்ன காட்டுவது

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே அசல் இருக்கும்போது உள்ளே அதன் போட்டோக்களைப் பெரிதாக்கி மாட்டுவதில் பயனில்லை. கண்ணால் பார்த்தும் புரியாததை விளக்கத்தான் மையம். ட்வைஃபல்ஃபோன்டைனின் புகழ்பெற்ற சிங்க உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட வால் செங்குத்தாக மடங்கி நிற்கும். பாதங்களில் ஐந்தைந்து விரல்கள். சிங்கத்தின் காலடித் தடத்தில் நான்கு விரல்தான் பதியும். இந்த விலங்குகளின் தடங்களை வைத்தே வேட்டையாடிப் பிழைத்த மக்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்குமா? தெரிந்தேதான் செதுக்கியிருக்கிறார்கள். சடங்கின்போது தன்னிலை கடந்து விலங்காக மாறும் மனிதனைக் காட்டுகிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். இதைக் கேட்டுவிட்டுப் பாறைக்கு முன்னால் போய் நின்று விரல்களை எண்ணுகிறவருக்கும், கேட்காமல் போய் ஒரு செல்ஃபி எடுத்துத் திரும்புகிறவருக்கும் கிடைப்பது வேறு வேறு. கடல் நாயைப் போன்ற ஓர் உருவமும் அங்கே உண்டு. கடல் 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

அங்கே வழிகாட்டி இல்லாமல் செதுக்கல்களைப் பார்க்கப் போக முடியாது. வழிகாட்டிகள் அந்த வட்டாரத்து மக்கள், பெரும்பாலும் டமாரா சமூகத்தினர். கட்டடத்தைவிட இந்த ஏற்பாடுதான் செதுக்கல்களை அதிகம் காக்கிறது. படம் நன்றாக வர வேண்டும் என்று பாறைமேல் தண்ணீர் ஊற்றப் பார்க்கிறவரைக் கேமரா தடுக்காது, பக்கத்தில் நிற்கும் ஆள் தடுப்பார். எனவே மையத்தின் வரைபடத்தில் வழிகாட்டிகளுக்கு நிழலும் ஓய்வறையும் இருக்கிறதா என்று பார்த்தாலே அதை வரைந்தவரின் மனசு தெரிந்துவிடும். வெயிலில் ஒரு குழுவை அழைத்துப் போய்த் திரும்பியவர் அடுத்த குழு வரும்வரை எங்கே உட்காருவார்?

டிரம் கூரையும் உலர் கழிப்பறையும் சின்ன இடத்துக்குச் சரி, லட்சக்கணக்கில் வந்தால் என்ன செய்வீர்கள் என்பது நியாயமான கேள்வி. பெட்ராவுக்கு 2019-இல் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அத்தனை பேரின் கழிவை வெயிலில் காய வைக்க முடியாது. அங்கே விடுதிகளும் உணவகங்களும் பெரும்பாலும் பள்ளத்தாக்குக்கு வெளியே, வாடி மூசா ஊரில் இருக்கின்றன. ஊருக்கும் விடுதிகளுக்குமான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க உதவியோடு அமைந்தது. சுத்திகரித்த நீரை வீணாக ஓடவிடாமல், அந்தப் பகுதி பெதூயின் குடும்பங்களின் நிலத்துக்குக் கொடுக்கிறார்கள். அதில் ஆடு, ஒட்டகங்களுக்கான தீவனப் பயிரும் மரங்களும் வளர்கின்றன. பயணி குளித்த தண்ணீர் பாறைக்குள் இறங்காமல் தீவனமாகிறது. பெரிய இடங்கள் இந்த வழியைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு நுழைவுச்சீட்டு கொடுக்கும் கட்டடத்தைத் திட்டமிடுகிறவர்களும் ஊரின் சாக்கடையைத் திட்டமிடுகிறவர்களும் ஒரே மேஜையில் உட்கார வேண்டியிருக்கும்.